டோர்வலில் எழுத்து வேலை: எமது எழுதுவினைஞருக்கு எந்தக் கதவு திறக்கும்?

மொன்றியல் தீவின் மேற்கே, சென் லூயி ஏரிக்கரையில் அமைந்துள்ள டோர்வல், ஏறத்தாழ 19,000 பேர் மட்டுமே வாழும் ஒரு சிறு நகரம். 2002ஆம் ஆண்டு மொன்றியல் மாநகரத்துடன் இணைக்கப்பட்டு, பின்னர் மக்களின் வாக்கினால் 2006 ஜனவரி 1ஆம் திகதி தனி நகரமாகப் பிரிந்துகொண்ட ஊர் இது. எமது மக்களுக்கு அதன் பெயர் பழக்கமானது விமான நிலையத்தினால்தான். 1941இல் திறக்கப்பட்ட அந்நிலையத்துக்கு 2004ஆம் ஆண்டு முன்னாள் பிரதமர் பியர் எலியட் ட்ரூடோவின் பெயர் சூட்டப்பட்டபோதும், எமது வீடுகளில் அது இன்னமும் டோர்வல்தான். (எண்பதுகளில் ஐரோப்பா வழியாக மொன்றியலுக்கு வந்திறங்கிய எமது முதல் தலைமுறையினரின் கால் பட்டது டோர்வலில் அன்று, மிராபெலில். 1975 முதல் 1997 வரை கடல் கடந்த விமானங்கள் யாவும் அங்கேயே இறங்கின. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பலரும் இதை மாற்றிச் சொல்லிவிடுகின்றனர்.)

அந்த விமான நிலையத்தைச் சுற்றித்தான் இக்கட்டுரையின் விடயமும் அமைகின்றது. டோர்வல், லஷீன், சென் லோரன் ஆகிய மூன்று ஊர்களின் எல்லைகள் சந்திக்கும் அந்த வட்டாரத்தில் சரக்கு முகவர் நிறுவனங்கள், சுங்கத் தரகர்கள், களஞ்சியங்கள், விமானப் பராமரிப்புக் கூடங்கள் என்பன நெருங்கி அமைந்துள்ளன. பொம்பார்டியர் நிறுவனத்தின் தலைமையகம் டோர்வலிலும் எயர் கனடாவின் தலைமையகம் அதற்கு அப்பால் சென் லோரனிலும் உள்ளன. உலக விமானப் போக்குவரத்தின் விதிகளை வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும், விமான நிறுவனங்களின் சங்கமாகிய ஐயாட்டாவும் மொன்றியல் நகர மத்தியிலேயே அமர்ந்திருக்கின்றன. விமானத்தை விடக் கூடுதலாகத் தாள்களை உற்பத்தி செய்யும் நகரம் இது என்று சொன்னால் அது மிகையாகாது.

தாள் என்றால் எமக்கு அந்நியமான பொருளா? யாழ்ப்பாணத்தவருக்கு உத்தியோகம் என்பது பல தலைமுறைகளாகவே கோவையும் பேனாவுந்தான். மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்து, கொழும்புத் திணைக்களங்களிலும் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராக அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று எமது பெரியவர்கள் சொல்லிவந்தது வெறும் வேடிக்கைக்காக அன்று. ஆகவே, கச்சேரியிலோ, பிரதேச செயலகத்திலோ, வங்கியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ பதினைந்து இருபது வருடங்கள் கோவை பார்த்துவிட்டு இங்கு வந்து, இரவில் உணவகத்தின் பின்புறத்தில் பாத்திரம் கழுவும் ஒருவர், "எனக்குத் தெரிந்த வேலை இந்த ஊரில் இல்லையா?" என்று கேட்பது இயல்பானதே. அக்கேள்விக்கு, அகதிக் கோரிக்கையாளர்களையும் புதிதாக வந்த குடும்பங்களையும் மனத்திற் கொண்டு, நாம் அறிந்த அளவில் விடையளிக்க முற்படுகின்றோம்.

முதலில் கசப்பான பகுதி. "டேட்டா என்ட்ரி" எனப்படும் தரவுப் பதிவு வேலையை நம்பி எவரும் பணத்தையோ காலத்தையோ செலவிட வேண்டாம். ஒரு தாளைப் பார்த்து அதே எழுத்துக்களைத் திரையில் தட்டும் வேலை, உலகின் எப்பகுதியிலும் சுருங்கிவரும் வேலை. தாளை வருடியெடுத்து வாசிக்கும் மென்பொருள் ஒரு பக்கம். அனுப்புபவரின் கணினியும் பெறுபவரின் கணினியும் நேரடியாகவே பேசிக்கொள்ளும் முறை மறுபக்கம். ஐயாட்டா அமைப்பு 2019 ஜனவரி 1 முதல், அதற்கு ஆயத்தமான வழித்தடங்களில், மின்னணு வான்வழிச் சரக்குச் சீட்டையே வழமையான முறையாக்கியது. முன்னர் பல பிரதிகளாகக் கிழித்துப் பிரித்த சீட்டு அது. எஞ்சிய தட்டெழுத்து வேலையிலும் பெரும் பங்கு வேறிடங்களுக்குப் போய்விட்டது. உலகின் பெரும் கப்பல் நிறுவனங்கள் சிலவற்றின் ஆவண வேலை இன்று சென்னையில் நடக்கின்றது. டோர்வலில் வேலை தேடும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞருக்குப் போட்டியாளர், அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும் சென்னைத் தமிழராக இருத்தல் கூடும்.

மத்திய அரசின் வேலை வங்கி, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பொருளாதாரப் பிராந்தியத்திலும் அடுத்த மூன்று வருடங்களில் வாய்ப்பு எப்படி இருக்கும் என்பதை "மிகக் குறைவு" தொடக்கம் "மிக நன்று" வரை ஐந்து தரங்களாகக் குறித்து வெளியிடுகின்றது. மொன்றியல் பிராந்தியம் அதில் தனியாகவே காட்டப்படுகின்றது. அதைப் பார்ப்பதற்குத் தொழிலின் இலக்கம் தெரிந்திருத்தல் நல்லது. தரவுப் பதிவாளருக்கு 14111, சுங்கத் தரகருக்கு 13200, போக்குவரத்து ஒருங்கிணைப்பாளருக்கு 13201, பதிவேட்டு முகாமைத் தொழில்நுட்பவியலாளருக்கு 12112. இவற்றின் இரண்டாவது இலக்கத்தைக் கவனியுங்கள். அது அவ்வேலைக்கு எதிர்பார்க்கப்படும் பயிற்சியின் அளவைக் காட்டுகின்றது. 4 என்றால் உயர்தரப் பாடசாலைக் கல்வி அளவில் உள்ளது. 3, 2 என்று குறையக் குறையப் பயிற்சியும் பொறுப்பும் கூடும். ஒரே மேசை, ஒரே கணினி. ஆனால் அரசின் கணக்கில் அவை வெவ்வேறு படிகளில் நிற்கின்றன.

அப்படியானால் டோர்வலில் எஞ்சி நிற்கும் எழுத்து வேலை எது? பிழைத்தால் பொறுப்புக்கூற ஓர் ஆள் இங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டமோ வாடிக்கையாளரோ வற்புறுத்தும் தாள்களின் வேலை. அவ்வாறான மூன்று இடங்களை நாம் காண்கின்றோம்.

ஒன்று, சரக்கு முகவர் காரியாலயம். கடையிற் கொள்வனவு செய்த சீலையோ, விமானத்தில் வந்த மரக்கறியோ, ஒரு பொதி டோர்வலில் இறங்குமுன் அதன் சீட்டு இறங்கிவிடுகின்றது. வான்வழிச் சரக்குச் சீட்டின் இலக்கம் பதினொரு தானங்கள் கொண்டது. முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும். எயர் கனடாவுக்கு 014. அடுத்த ஏழு தொடரிலக்கம். கடைசித் தானம் காவற்காரன்: ஏழு தான எண்ணை ஏழால் வகுத்துவரும் மீதியே அது. 1234567 என்றால் மீதி 5. எனவே சீட்டில் 12345675 என்றிருக்க வேண்டும். ஓர் இலக்கம் தவறாகத் தட்டப்பட்டால் பெரும்பாலும் இக்கணக்கு இடறும். பேரேட்டில் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துப் பழகிய எமது எழுதுவினைஞருக்கு இதைப் புரியவைக்க வகுப்பு எதற்கு? ஆனால் இங்குள்ள வேலை அத்துடன் முடிவதில்லை. பட்டியலில் இருபது பெட்டி, சீட்டில் பத்தொன்பது என்றால் அனுப்பியவரை எழுப்பிக் கேட்க வேண்டும். ஆபத்தான பொருளாயின் அதற்குரிய பயிற்சிச் சான்றிதழ் கையிலிருக்க வேண்டும். அச்சான்றிதழ் விமானப் போக்குவரத்தில் 24 மாதங்களுக்கு மட்டுமே செல்லும்.

இரண்டு, சுங்கம். எமக்கு மிகவும் பொருத்தமானது என நாம் கருதுவது இதுவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்கின்றோம். இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. முதல் ஆறு தானங்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. கனடா அதனைப் பத்துத் தானங்களாக விரித்துக்கொள்கின்றது. அரைத்த மிளகாயா, பல சரக்குகள் கலந்த கறித்தூளா என்பதில் இலக்கம் மாறும். இலக்கத்துடன் வரியும் மாறக்கூடும். இதனைத் தீர்மானிக்க விதிநூலைப் பொறுமையாக வாசிக்கும் கண் வேண்டும். 2024 அக்டோபர் 21ஆம் திகதி கனடிய எல்லைச் சேவைகள் முகவரகம் புதிய மின்னணுக் கணக்கு முறையை நடைமுறைப்படுத்தியது. பல தசாப்தங்களாக வழங்கிவந்த பி3 படிவம் அத்துடன் போய், புதிய வணிகக் கணக்குப் பிரகடனம் வந்தது. இறக்குமதியாளர் ஒவ்வொருவரும் தமது பெயரிலேயே கணக்குத் திறந்து, பிணையும் தாமே வைக்க வேண்டியதாயிற்று. சிறு வணிகர் பலர் இதில் தடுமாறினர். ஆவணங்களை ஆறு வருடங்களுக்குப் பேணிவைக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு.

இதற்கு மேல், 2025 மார்ச்சில் அமெரிக்கா கனடியப் பொருட்கள் மீது புதிய வரி விதித்து, மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் விதிகளுக்கு அமைந்த பொருட்களுக்கு மாத்திரம் 7ஆம் திகதி விலக்களித்தபோது, அதுவரை பலரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு தாளுக்குத் திடீர் மதிப்பு ஏற்பட்டது. பொருளின் தோற்றநாட்டுச் சான்றே அது. அதற்கென்று அச்சடித்த படிவம் கிடையாது. ஒன்பது குறைந்தபட்ச விபரங்கள் இருந்தாற் போதும். அந்த ஒன்பதையும் பிழையின்றி நிரப்பத் தெரிந்தவரின் பெறுமதி எவ்வளவு என்பதை அவ்வருடம் ஏற்றுமதியாளர்கள் உணர்ந்தனர்.

சுங்கத் தரகருக்கான உத்தியோகபூர்வ அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். கோரிக்கை தீர்மானிக்கப்படாதவருக்கு அந்த அனுமதிப்பத்திரம் இப்போது கிட்டாது. ஆனால் தரகர் காரியாலயத்தில் உதவி எழுதுவினைஞராகப் பணிபுரிய அது தேவையில்லை. கனடியச் சுங்கத் தரகர் சங்கம் நடத்தும் பாடநெறியை வேலையிலிருந்தவாறே படித்து, வதிவிடம் கிடைக்கும் நாளில் பரீட்சைக்கு ஆயத்தமாக இருக்கலாம். காத்திருக்கும் காலம் வீண்காலம் ஆகாத தொழில் என்பதாலேயே இதனை முன்வைக்கின்றோம்.

மூன்று, விமானத்தின் சொந்தப் பதிவேடு. ஒரு விமானத்தில் பூட்டப்பட்ட பாகம் எப்போது, எவரால், எத்தனை மணி நேரப் பறப்பின் பின் மாற்றப்பட்டது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அந்தப் பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பழைய இரும்புதான். 2023இல், உலகெங்கும் பயன்படும் ஓர் இயந்திர வகையின் உதிரிப்பாகங்கள் போலிச் சான்றிதழ்களுடன் விற்கப்பட்டமை வெளியாகி, பல நாடுகளின் விமான நிறுவனங்கள் இயந்திரங்களைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தது. அதன் பின் தாளைச் சரிபார்ப்பவரின் தேவை குறைந்துவிடவில்லை. எனினும் இத்துறையில் நுழைவதற்குத் தொழில்நுட்பச் சொற்களுடன் ஓரளவு பழக்கம் வேண்டும். மேலும் பாதுகாப்புத் துறைசார் பொருட்களைக் கையாளும் நிறுவனங்கள் ஊழியரின் பின்னணியைத் துருவி ஆராயும். புதிதாக வந்தவருக்கு இது முதற் கதவாக இருத்தல் அரிது.

இனி மொழி. இதுவே எமது மக்களில் கணிசமானோரை ரொறன்ரோ நோக்கி நகர்த்திய காரணம் என்பது யாவரும் அறிந்ததே.

மேற்சொன்ன தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. ஆகவே ஆங்கிலம் தெரிந்தாற் போதும் என்று எமது இளைஞர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் அத்தாளை வைத்திருக்கும் காரியாலயத்தில் மேலாளரின் அறிவுறுத்தலும், களஞ்சியத்திலிருந்து வரும் தொலைபேசியும், பாரவூர்தி ஓட்டுநரின் கேள்வியும் பிரெஞ்சில் இருக்கும். 1977இல் வந்த 101ஆம் சட்டம் பிரெஞ்சை வேலைத்தல மொழியாக்கியது. 2022 ஜூன் 1ஆம் திகதி ஒப்புதல் பெற்ற 96ஆம் சட்டம் அதனை இறுக்கியது. 2025 ஜூன் 1 முதல், 25 ஊழியர் தொடக்கம் 49 ஊழியர் வரை உள்ள நிறுவனங்களும் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியவை ஆயின. சரக்கு முகவர் காரியாலயங்கள் பல இந்த அளவினவே. பிரெஞ்சு தவிர்ந்த வேறொரு மொழி வேண்டும் என்று விளம்பரஞ் செய்யும் முதலாளி, அது ஏன் தேவை என்பதை விளம்பரத்திலேயே விளக்க வேண்டும். விமான நிறுவனங்கள் மத்திய அரசின் சட்டங்களுக்கு உட்பட்டவை என்பது உண்மை. எயர் கனடா இரு மொழிச் சட்டத்தினால் கட்டுப்பட்டது. அதன் தலைமை நிர்வாகி 2021 நவம்பரில், மொன்றியலில் பதினான்கு வருடங்கள் பிரெஞ்சு பேசாமலே வாழ முடிந்தது என்று கூறிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். தலைமை நிர்வாகிக்கு முடிந்தது எழுதுவினைஞருக்கு முடியாது.

இவ்விடத்தில் எமது மூத்தோர் பலருக்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வருவதை நாம் அறிவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச மொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத தமிழ் எழுதுவினைஞருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. கேகாலைக் கச்சேரியில் பணிபுரிந்த செல்லையா கோடீஸ்வரன் 1962இல் அதனை எதிர்த்து வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் அரசின் மீது சம்பளத்துக்கு வழக்கிட முடியாது என்று கூறி அதனை மாற்றியது. 1969 டிசம்பரில், கோமறைக் கழகம் எனப்பட்ட இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்கிட முடியும் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. ஓர் எழுதுவினைஞரின் சில ரூபாய்ச் சம்பள ஏற்றம் ஒரு நாட்டின் சட்டத்தையே கேள்விக்குள்ளாக்கிய வரலாறு அது.

"அங்கே சிங்களம், இங்கே பிரெஞ்சு" என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்போர் எம்மிடையே உள்ளனர். நாம் அதனை ஏற்கவில்லை. கோடீஸ்வரன் தமது சொந்த நாட்டில், தாம் ஏற்கெனவே செய்துவந்த உத்தியோகத்தில், தமது மொழி மதிப்பிழப்பதைக் கண்டவர். நாமோ, ஆங்கிலக் கடலின் நடுவே தமது மொழியைக் காத்துநிற்கும் ஒரு மக்களின் ஊருக்கு அடைக்கலந் தேடி வந்தவர்கள். அவர்களின் அச்சம் எமக்குப் புரியாத அச்சமன்று. எனினும், நாற்பத்தைந்து வயதில் மாணவர் மேசையில் அமர்ந்து வினைச்சொல் மனனஞ் செய்பவருக்கு அது எளிதாகிவிடும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. இரவு வேலை முடித்து வந்தவருக்கு வகுப்பில் கண் சொருகும். அதுதான் உண்மை நிலை.

2023 ஜூன் 1 முதல் பிரான்சிசாஸியோன் கியூபெக் என்ற ஒரே வாயிலின் ஊடாக இலவச வகுப்புகள் வழங்கப்படுகின்றன. 2024 இலையுதிர் காலத்தில் நிதி போதாமையால் பல பாடசாலைகளில் வகுப்புகள் மூடப்பட்டன. ஆகவே, வேலை கிடைத்தபின் படிக்கலாம் என்றிராது, வந்த கிழமையே பெயரைப் பதிந்து வரிசையில் நிற்றல் வேண்டும். கியூபெக்கின் மொழி அளவுகோல் பன்னிரண்டு படிகளைக் கொண்டது. முதல் நான்கும் ஆரம்பம். எமது கணிப்பில், பேச்சில் 7ஆம் படியை எட்டியவர் சரக்கு முகவர் காரியாலயத்தில் தொலைபேசியைத் துணிந்து தூக்கலாம். தனியாரிடம் பெருந்தொகை கொடுத்துக் கணினிச் சான்றிதழ் வாங்குவதிலும், அந்த மாலை வேளைகளை இப்படிகளில் ஏறச் செலவிடுவதே நன்று. பின்னர் வசதியிருப்போர் அரச தொழிற்பயிற்சி டிப்ளோமாவை நாடலாம்: செயலாளர் பயிற்சி 1,485 மணி நேரம், கணக்கியல் 1,350 மணி நேரம். ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட படிப்பாயின் கற்கை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கோரிக்கையாளரின் கையிலுள்ள தாள்கள் பற்றியும் சில வார்த்தை. உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும். அதற்கு முடிவுத் திகதியும் உண்டு. அதைக் கண்டதும் சில முதலாளிமார் தயங்குவர். திறந்த தொழில் அனுமதிப்பத்திரம் உள்ளவரை உங்களை அமர்த்துவது முற்றிலும் சட்டபூர்வமானது. பத்திரம் காலாவதியாகுமுன் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், பதில் வரும்வரை அதே நிபந்தனைகளுடன் தொடர்ந்து வேலை செய்யலாம். இதனை அறியாத காரியாலயங்கள் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுண்டு. விண்ணப்பித்த பற்றுச்சீட்டைப் பிரதி எடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வேலை முகவர் நிலையங்கள் 2020 ஜனவரி 1 முதல் கியூபெக் தொழில் தராதர ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். வேலை பெற்றுத் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது தடை. வீட்டிலிருந்து தட்டெழுத்து, மணிக்கு நாற்பது டொலர், முதலில் முன்பணம் கட்டவும் என்று கைபேசிக்கு வரும் செய்தி வேலையன்று, வலை. 2025 மே 1ஆம் திகதி மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 16.10 டொலராகத்தான் உயர்ந்தது என்பதை வைத்து அத்தகைய வாக்குறுதிகளை அளந்து பார்க்கலாம்.

கடைசியாக, விமான நிலையத்தின் உள்வளாகம். அங்கு செல்வதற்கான அடையாள அட்டைக்கு மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கடந்த ஐந்து வருடங்களில் எங்கு வாழ்ந்தீர்கள், எங்கு பணிபுரிந்தீர்கள் என்பது சரிபார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். வன்னியில் இடம்பெயர்ந்து, மூன்று நாடுகள் கடந்து வந்தவர் அதை எப்படி நிரூபிப்பது? ஆகவே புதிதாக வந்தவர்கள் வளாகத்துக்கு வெளியே, கைத்தொழிற்பேட்டைக் காரியாலயங்களிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. அதேவேளை, வந்த முதல் மாதம் தொட்டே வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, வகுப்பு வரவுக் கடிதம், முகவரி மாற்றம் அனைத்தையும் திகதி வாரியாக ஒரு கோவையில் இடுங்கள். ஐந்து வருடங்களின் பின் உள்வளாக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கோவையே கேட்கப்படும். இடையில் ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் அதற்கு விளக்கம் கேட்பார்கள்.